யார் சொன்னால் மண்வாசனை?

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன், நாட்டார் பாலியல் கதைகளைத் திரட்டி 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று நூலாக்கினார். நாட்டார் இலக்கியம் என்று கொண்டாடினார்கள். நியாயம்தான், மனுஷர் அருமையான கதைசொல்லி.

2002இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தார். அட்டையைத் தாண்டி உள்ளே போகாதவர்களுக்கும் பண்பாடு புண்பட்டது.

ஆக, காட்டில் பருத்தி எடுக்கும் பெண்கள் அடிக்கும் கொச்சைக் கேலியை ஆம்பிளை எழுதினால் மண்வாசனை. பொம்பிளை தன் உடம்பை எழுதினால் ஆபாசம்!

பாலியல் எழுத்து பெண்ணியம் ஆகுமா என்று பட்டிமன்றமே வைக்கலாம். கதையில் பெண் ஆசைப்படுகிறாளா, அகப்படுகிறாளா என்று பார்த்தால் பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும். மீதிக்கு ஒரே நிபந்தனை: நடுவர் நாற்காலியில் இந்த ஒருமுறையாவது ஒரு பெண் உட்காரட்டும்.