படங்கு கட்டும் இடம்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் காய்ச்சல்காரர் பிதற்றத் தொடங்கினால் பூசாரிக்குத்தான் முதலில் ஆள் போகும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கிடைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கொழுந்து லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு. பக்கத்துக் காம்பரா பெரியம்மா அப்படித்தான் போனார். மூளைக் காய்ச்சல் என்றார்கள், பெனிசிலின் ஊசி போட்டார்கள். பிரேதமாகத்தான் திரும்பினார். குளிப்பாட்டிய பெண்கள், கொழுந்து பறிக்கும்போது படங்குச் சாக்கு கட்டும் இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பொருக்கு ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலின் முத்திரை என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்த இடம் அது. கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால் பெனிசிலின் அதை அண்டாது. மருந்து இல்லாத நோயுமல்ல. குளோரம்பெனிகோல் இதைத் தீர்க்கும் என்று 1948இலேயே மலாயாவில் நிரூபித்துவிட்டார்கள். இன்று டொக்சிசைக்ளின் போதும், மலிவான மாத்திரை. நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்.

இப்போது இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 2017 மே மாதம் மோடி வந்து திறந்துவைத்தார். மூளைக் காய்ச்சல்காரரின் முதுகுத்தண்டு நீரில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று இரண்டு மணி நேரத்தில் தேடும் இயந்திரங்களும் உலகில் வந்துவிட்டன. டைபஸை உறுதிப்படுத்தவோ பெரும்பாலும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தரம் இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். அந்த முடிவு வருவதற்குள் நோயாளி பிழைத்திருப்பார், இல்லாவிட்டால் அடக்கம் முடிந்திருக்கும்.

ஆக, மலையில் இன்றைக்கும் விரைவான பரிசோதனை கண்ணால் பார்ப்பதுதான். செலவில்லாத அதுவும் எளிதில் நடப்பதில்லை. பல இடங்களில் டொக்டருக்குத் தமிழ் வராது, கொழுந்து பறிக்கும் அக்காவுக்குச் சிங்களம் வராது. அக்குளையும் இடுப்பையும் ஆண் டொக்டரிடம் காட்ட எந்தக் கொழுந்துக்காரிக்கு மனம் வரும்? தமிழ் பேசும் ஒரு தாதி ஒவ்வொரு வார்ட்டிலும் இருப்பது, என் கணக்கில், இன்னொரு கட்டடத்தைவிட அவசரம்.

பொருக்கு எல்லாருக்கும் வராது. சிலருக்கு உடம்பில் சிவந்த புள்ளிகள்தான் தெரியும். ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடாமல், தலையிடியும் தடுமாற்றமும் சேர்ந்தால், உங்கள் அம்மாவை அக்காவை வெட்கப்படாமல் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டதை டொக்டரிடம் சொல்லுங்கள். மலையில் வேலை செய்கிறவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.