ஆச்சியின் கோலம், சதுர அங்குலக் கணக்கில்

என் ஆச்சிக்குப் பச்சை குத்தியபோது அவளிடம் சம்மதம் கேட்டவர் யாருமில்லை. எனக்குக் குத்துவதற்கு முன்னால் ஆதார் நகல், முன்பணம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து என்று எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அறுபதைத் தொடப்போகிறவளிடம், பதினெட்டு நிரம்பிவிட்டது என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். சந்தோஷமாகவே கொடுத்தேன். என் வயதை யாரும் சந்தேகப்பட்டு ரொம்ப காலமாகிறது.

ஆச்சி காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில், அறுவடை முடிந்த கையோடு குறத்தியம்மா வருவாள். கூடைக்குள் ஒரு சிரட்டை, விளக்குக் கரி, மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் இறுக்கிய ஒரு கட்டு. கரியைத் தாய்ப்பாலிலோ பச்சிலைச் சாற்றிலோ குழைப்பாள். திண்ணையில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு பெரியம்மா தோளை அமுக்க, இன்னொரு பெரியம்மா கையை நீட்டிப் பிடிக்க, குறத்தியம்மா பாட ஆரம்பிப்பாள். மரத்துப்போவதற்கு இருந்த ஒரே மருந்து அந்தப் பாட்டுதான். பிள்ளை அலறினால் பாட்டுச் சத்தம் கூடும், அவ்வளவுதான். முடிந்ததும் கைக்கு மஞ்சளும் எண்ணெயும், வாய்க்கு ஒரு துண்டு கருப்பட்டி. குறத்தியம்மாவுக்கு நெல்லும் பழஞ்சேலையும். ஊசிக்கட்டை முந்தானையில் ஒரு துடை துடைத்துவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போவாள்.

ஆச்சியின் கையில் புள்ளிக் கோலம், தேள், தாத்தாவின் பெயரில் பாதி. மீதிப் பாதிக்குள் அவள் ஓடிவிட்டாளாம். "செத்தா தாலி, கம்மல் எல்லாத்தையும் கழத்திருவாவ. இது ஒண்ணுதான் கூட வரும்ட்டி" என்பாள். எங்கள் தலைமுறைக்கு அந்த நகை வாய்க்கவில்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "படிக்கிற பிள்ளைக்குப் பச்சை என்னத்துக்கு?" என்று ஒரே வார்த்தையில் குறத்தியம்மாவை அனுப்பிவிட்டார். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவள் சித்திதான். அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் முதல் சம்பளத்தில் அகலப் பட்டை வைத்த வாட்ச் வாங்கினாள். மணி பார்க்க அல்ல. மணிக்கட்டில் இருந்த கோலம், 'பட்டிக்காடு' என்று அலுவலகத்துக்குக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதே என்று.

இப்போது என் மகளின் கைபேசியில் அதே கோலம் 'ட்ரைபல் டிசைன்' என்ற தலைப்பில் வருகிறது. விலை சதுர அங்குலக் கணக்கு.

நடுவில் ஒரு காலம் உண்டு. அதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. தேர்த் திருவிழாவில் ஜவ்வுமிட்டாய்க்கடைக்குப் பக்கத்தில் பேட்டரி மிஷினோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் பலகையில் வேல், பாம்பு, அம்பு தைத்த இதயம். எதிரே வரிசையில் ஊர் இளவட்டங்கள். எல்லோருக்கும் ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம். எங்கள் தெருப் பையன் ஒருவன் காதலியின் பெயரை எழுதிக்கொண்டான். வேறு பெண்ணோடு கல்யாணம் நிச்சயமானதும் அதை முதலையாக மாற்றிக்கொண்டான். வால் மட்டும் இன்றைக்கும் ஒரு மெய்யெழுத்து மாதிரித்தான் இருக்கிறது. அரசியலிலும் இது புகுந்தது. எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். 2016இல் ஜெயலலிதா பிறந்தநாளுக்கு அவர் முகத்தையே கையில் வாங்கிக்கொண்டார்கள். விசுவாசம் தோலுக்குள் இறங்கினால் கட்சி மாறுவது கஷ்டம் என்று நினைத்திருப்பார்கள் போல. முதலைக் கதை அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஒற்றை ஊசியைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படாததில் ஆச்சரியமில்லை. கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். ஹெபடைடிஸ் பி கிருமியோ உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு கிடக்கும். திருவிழா முடிந்து தேர் நிலைக்கு வந்தபிறகும் அது ஊசியில் காத்திருக்கும். வருஷங்கள் கழித்து ஒருவனுக்கு மஞ்சள்காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்களே தவிர, முழங்கையில் இருந்த பாம்பை யாரும் குற்றம் சொல்லவில்லை.

மிஷினின் பூர்வீகமும் கொஞ்சம் விசித்திரம்தான். எழுத்தைப் பிரதியெடுக்க, தாளில் துளை போடும் மின்பேனா ஒன்றுக்கு எடிசன் 1876இல் காப்புரிமை வாங்கினார். அந்த யோசனையை வளைத்து, நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி 1891இல் பச்சை குத்தும் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். அலுவலகத்துக்குப் பிறந்த பேனா தோலுக்கு வந்து சேர்ந்தது. சித்தி வாட்சுக்குள் ஒளித்ததை நினைத்தால் இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

சென்னையில் மகள் கூட்டிப்போன ஸ்டூடியோ, பல் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக இருந்தது. சுத்தமான தரையைப் பார்த்து மயங்கக் கூடாது என்று மகளுக்குப் பாடம் எடுத்திருந்தேன். நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்காத நாம், ஊசிப் பொட்டலத்தை நம் கண்முன்னே பிரிக்கச் சொல்ல மட்டும் கூச்சப்படுகிறோம். நான் கூச்சப்படவில்லை. குத்துகிற தம்பி சீல் உடைக்காத ஊசியைக் காட்டி, காலாவதித் தேதியைப் படித்துக் காட்டி, என் எதிரிலேயே பிரித்தான். மையைப் பெரிய புட்டியிலிருந்து புதிய சின்னக் கிண்ணத்தில் ஊற்றினான். மிச்சத்தைத் திரும்பப் புட்டியில் ஊற்றாமல் கொட்டிவிடுவார்களா என்று கேட்டேன். "கொட்டிடுவோம் ஆன்ட்டி" என்றான். அந்த 'ஆன்ட்டி'யைத்தான் மன்னிக்க முடியவில்லை. கையுறையோடு போனை எடுத்தவன், திரும்பி வந்ததும் கையுறையை மாற்றினான். அந்த ஒரு காரியத்தைப் பார்த்தபிறகு நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன்.

வேறு சில விஷயங்களில் அவன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். வெள்ளிக்கிழமை விரதத்தோடு வரலாமா என்று கேட்டதற்கு, வெறும் வயிற்றில் வந்தால் தலை சுற்றும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றான். கருப்பட்டி அந்தக் காலத்தில் பின்னால் வந்தது, இட்லி இந்தக் காலத்தில் முன்னால் வருகிறது. விரலில் வேண்டாம், சீக்கிரம் மங்கும். மணிக்கட்டின் உள்பக்கம், விலா, கணுக்கால் எல்லாம் வலி அதிகம், முதல் தடவைக்கு மேல்கையின் வெளிப்பக்கம் தேவலை. கோலப் புள்ளிகளை நெருக்கி வைக்கக் கூடாது, வருஷம் போகப் போக மை கொஞ்சம் பரவும். நம் நிறத்துக்குக் கறுப்புதான் நின்று பேசும், சிவப்பு மை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பழைய காயத் தழும்பு புடைத்து வளர்கிற உடம்பா என்றும் கேட்டான். அப்படிப்பட்டவர்கள் பச்சைக்கு ஆசைப்படாமல் இருப்பதே உத்தமம்.

வலி? முதல் கோட்டில் திடுக்கென்றது. பிறகு எரிச்சல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுரண்டுவது போல. எலும்புக்கு மேல் வந்தபோது ரீங்காரம் பல்வரைக்கும் ஏறியது. ஊசி நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இறங்கி ஏறுகிறதாம். அது போவது ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான். மேல்தோலில் விட்ட மை சில வாரத்தில் உதிர்ந்துபோகும். அதற்குக் கீழடுக்கில் விட்டால் உடம்பின் காவல் செல்கள் ஓடிவந்து விழுங்குகின்றன. செரிக்கவும் முடியாது, துப்பவும் முடியாது, அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. குறத்தியம்மாவின் கையெழுத்து ஆச்சியின் கடைசி நாள்வரை நின்றது இந்தச் செரிமானக் கோளாறால்தான். பாட்டுக்குப் பதில் ஸ்டூடியோவில் ஏதோ இங்கிலீஷ் பாட்டு ஓடியது. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் குறத்தியம்மா பாட்டும் ஆச்சிக்கு அந்த நேரத்தில் புரிந்திருக்காது.

உண்மையான சோதனை வீட்டில்தான். மஞ்சள் அப்பு என்று ஒரு பக்கத்துவீடு, தேங்காயெண்ணெய் தடவு என்று இன்னொரு பக்கத்துவீடு. வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவி, துடைக்காமல் ஒற்றி, களிம்பை மெல்லிசாகப் பூசு, வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தான் அந்தத் தம்பி. சில நாளில் தோல் செதில் செதிலாக உரிந்தது. அரிப்பு, சொல்லி மாளாது. சொறியக் கூடாது, உரிக்கக் கூடாது. வெயில் படக் கூடாது, ஆறு குளம் கடல் என்று எதிலும் இரண்டு மூன்று வாரம் முங்கக் கூடாது. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ ஸ்டூடியோவுக்குப் போன் பண்ணி நேரத்தைப் போக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. மகள் அலுவலக ரத்ததான முகாமில் மட்டும், எல்லாவற்றையும் சரியாகச் செய்தவளை, ஒரு வருஷம் கழித்து வாருங்கள் அம்மா என்று திருப்பி அனுப்பினார்கள். அதுதான் இங்கே விதி.

என் வீட்டுக்காரர் முதல் நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பேத்தி எடுக்கிற வயசில் என்ன கூத்து என்று காற்றோடு பேசிக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, அந்தக் கடையில வேல் போடுவாங்களா? சின்னதா."

"போடுவாங்க. ஸ்டென்ட் வச்ச நாள்லேருந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்கள்ல? ரத்தம் நிக்காம கசியும். டாக்டரைக் கேட்டுட்டுத்தான் ஊசியை எடுப்பாங்க. நீங்களா மாத்திரையை நிறுத்திராதீங்க."

"பச்சை குத்தவும் டாக்டர் சீட்டா?" என்று பேப்பரை மடித்து வைத்தார். "எங்க அம்மா நடவு வயல்லேயே குத்திக்கிட்டு வந்தா."

மறுநாள் மருந்துச்சீட்டுக் கோப்பைத் தேடி அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தார்.