பமண்டந

தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பத்துக்கு எட்டில் எனக்கு ஒரு டிடிபி கடை. ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் மிஷின், நான் போக மிச்ச இடத்தில் இரண்டு கம்ப்யூட்டர். பழையது எக்ஸ்பி. டாங்கிள் செருகினால்தான் வாய் திறக்கும் தமிழ் எழுத்துரு அதில்தான் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து எல்லாம் அதன் பொறுப்பு. புதியது ஆன்லைன் விண்ணப்பங்களுக்கு. மேஜையில் ஒரு மானிட்டருக்குத்தான் இடம்.

எலெக்ட்ரிக்கல் கடையில் விவரம் சொல்லி ஸ்விட்ச் கேட்டேன். மாடிப்படிக்குப் போடும் டூ-வே ஸ்விட்சை எடுத்து வைத்தார். "ரெண்டு பக்கமும் மாத்தறதுதானுங்களே?" யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை.

நான் தேடியது கேவிஎம். கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றையும் ஒரே தட்டில் மாற்றிவிடும் டப்பா. சேலம் போய்த்தான் கிடைத்தது. வந்து பார்த்தால், அதில் இருந்ததெல்லாம் எச்டிஎம்ஐ துளை. என் பழசுக்கோ 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த பதினைந்து பின் விஜிஏ. நடுவே ஒரு கன்வெர்ட்டர். அதற்குக் கரண்ட் கொடுக்கத் தனி ஒயர். மரச்சிற்பம் செதுக்கும் மாமா எட்டிப் பார்த்தார். "ஒரு யாளிக்கு நான் முப்பது உளி வச்சிருக்கேன். நீ ரெண்டு மிஷினுக்கு ஒரு கீபோர்டாடா மாப்ள?"

அவர் வாய் முகூர்த்தம். ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தட்டு தட்டினால் கம்ப்யூட்டர் மாறிவிடும், விரல் மாறாது. பழசில் தட்டச்சு முறை, புதுசில் தமிழ்99. இரண்டிலும் 'ம' மட்டும் பெருந்தன்மையாக ஒரே கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. 'த' இருந்த இடத்தில் 'ப'. 'ழ' இருந்த இடத்தில் 'ட'.

ஒரு நாள் பேனருக்கு ஒருவர் வந்தார். எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று பார்க்காமலே 'தமிழ்' என்று அடித்தேன். அவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "பமண்டந யாருங்க? எங்க ஆளுங்களா?"

இப்போது ஸ்விட்சின் இரண்டு விளக்குக்கு மேலும் வீட்டுக்காரி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள். சிவப்பு பத்திரிகைக்கு, கறுப்பு விண்ணப்பத்துக்கு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது அதற்கும் ஒரு சுற்று உண்டு.