வடதிசை வேட்கை: தென்காசி வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் காணப்படும் ஒரு குணம் பற்றிய ஆய்வு

1. ஆய்வுக் களம்

குற்றாலத்தில் சாரல் எப்போது விழும் என்று சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு டெல்லி ஆசை எப்போது பிடிக்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இப்பெருங்குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

களம், தென்காசி மக்களவைத் தொகுதி. தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் என நான்கு சட்டமன்றத் தொகுதிகள் தென்காசி மாவட்டத்தில். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டும் விருதுநகர் மாவட்டத்தில். இது தனித் தொகுதி. ஆகவே பொதுத் தொகுதி உறுப்பினர் பலருக்கு வேட்கை வந்தாலும் அது பக்கத்துத் திருநெல்வேலிக்கோ மாநிலங்களவைக்கோ திசைமாறிப் போகும்.

2. அறிகுறிகள்

அ) எல்லை தாண்டிய மொய். தென்காசி மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் இராஜபாளையத்தில் ஒரு காதணி விழாவுக்கு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொய் எழுதுபவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்கிறார். “வாங்க அண்ணாச்சி! என்ன, இந்தப் பக்கம்?” “சும்மாதான். மதுரைக்குப் போற வழி.” இராஜபாளையம் மதுரைக்குப் போகும் வழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மண்டபம் மெயின் ரோட்டிலிருந்து மூன்று தெரு உள்ளே இருக்கிறது.

ஆ) இரயில் பேச்சு. சட்டமன்ற உறுப்பினரிடம் மக்கள் கேட்பது குடிநீர், பட்டா, பஸ். இவை மூன்றையும் விட்டுவிட்டு, பொதிகை எக்ஸ்பிரஸுக்குக் கூடுதல் பெட்டி, 2018-இல் திறந்த செங்கோட்டை–கொல்லம் அகலப்பாதையில் புது வண்டி என்று ஒருவர் முழங்கத் தொடங்கினால் சோதனைக்கு வேறு கருவி வேண்டாம். இரயில்வே ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

இ) மறுப்பு. நிருபர் கேட்டால் வரும் பதில் மூன்று வாக்கியம்: “எனக்கு அப்படி எண்ணமே கிடையாது. தலைமை என்ன சொல்லுதோ அதான். தொண்டர்கள்தான் வற்புறுத்துதாங்க.” முதல் வாக்கியம் பொய். இரண்டாவது, வேண்டுதல். மூன்றாவதையும் பொய் என்றே ஊர் கொள்கிறது. அதைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

3. இலாப நட்டம்

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. பார்த்தால் பதவி உயர்வுதான். ஆனால் அந்த 5 கோடியை ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஒரு கோடி கூடத் தேறாது. நேற்றுவரை ஓர் ஊருக்குச் சமுதாயக் கூடம் கட்டித் தந்தவர், நாளை ஒரு நிழற்குடைக்கே யோசிக்க வேண்டும். ஆகவே வேட்கைக்குக் காரணம் நிதி அன்று.

4. முன்னோர்

தொகுதியின் வரலாற்றில் இரண்டு துருவங்கள் உண்டு. காங்கிரஸின் மு. அருணாசலம் 1977 முதல் 1996 வரை ஆறு முறை இங்கே வென்றார். கடைசி முறை தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில். ஒன்றிய அமைச்சராகவும் இருந்தார். புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் க. கிருஷ்ணசாமி 1998 முதல் 2024 வரை ஏழு முறை நின்று ஏழு முறையும் தோற்றார்.

இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1998, 1999, 2014 ஆகிய மூன்று தேர்தல்களின்போதும் கிருஷ்ணசாமி ஓட்டப்பிடாரத்தின் சட்டமன்ற உறுப்பினர். தோற்ற பிறகும் அந்தப் பதவி அப்படியே இருந்தது. வென்றிருந்தால்தான் சிக்கல்: 14 நாளுக்குள் சட்டமன்றப் பதவியை விட்டாக வேண்டும், இல்லையேல் மக்களவை இடம் போய்விடும். தோற்றால் ஒன்றும் போகாது, வென்றால் கையில் இருப்பது போகும் என்ற இப்படியொரு பந்தயம் வேறெங்கும் இல்லை.

5. கண்டறிந்தது

அந்த இழப்பு யாருக்கு இலாபம்? விடை பக்கத்து மாவட்டத்தில் கிடைக்கிறது. நாங்குநேரி உறுப்பினர் எச். வசந்தகுமார் 2019-இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் வென்றார், நாங்குநேரியை விட்டார். காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம், அக்டோபரிலேயே நடந்தது. அந்த இடம் அதிமுகவுக்குப் போனது என்பது வேறு கதை. ஒருவர் வடக்கே நகர்ந்தால் ஊரில் ஒரு நாற்காலி காலியாகிறது என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

இனி சான்றுகள். “டெல்லி செல்லும் எங்கள் அண்ணாச்சியே!” என்ற சுவரொட்டியை அருகில் போய்ப் பார்க்கவும். அண்ணாச்சி மேலே சிரிக்கிறார். கீழே, அதை ஒட்டிய ஒன்றியச் செயலாளரின் பெயர் அண்ணாச்சியின் பெயரை விடப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

இரண்டாவது சான்று குற்றாலம். அரசியல் ஆலோசனைக்கு அறை போடுவதில் அவ்வூருக்குப் பாரம்பரியம் உண்டு. 2018 அக்டோபரில் சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதிநீக்க வழக்கின் தீர்ப்புக்கு முன் டி.டி.வி. தினகரன் அணியினர் தங்கியது அங்கேதான். நம் உறுப்பினரை ஐந்தருவிக்கு அழைத்துப் போய், குளிக்க வைத்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் வாங்கித் தந்து, “இந்தத் தடவை நீங்கதான் டெல்லிக்குப் போகணும் அண்ணாச்சி” என்று சொல்கிறவர் யார் என்று பார்க்கவும். பில் கட்டுகிறவரும் அவரே. சுவரொட்டியின் கீழே இருந்த பெயரும் அவருடையதே.

ஆக, “தொண்டர்கள்தான் வற்புறுத்துதாங்க” என்பது பொய் என இதுவரை ஊர் நம்பி வந்தது பிழை. அண்ணாச்சி தம் அரசியல் வாழ்வில் சொன்னவற்றுள் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றே.