ஆற்றுக்கு என்ன ரேட்?

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் இறைச்சிக் கழிவு என்று பேச்செடுத்துப் பாருங்கள். திண்ணையில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாம திங்கறதில்லையே, நமக்கென்னத்துக்கு அந்த வம்பு?" என்பார். வாஸ்தவம் மாமா. காசியில் பாதி கல்பாத்தி என்பார்கள் அல்லவா! அந்தக் காசிக்கு மேலே கங்கைக் கரையில் கான்பூர்த் தோல் பட்டறைகள் இருக்கின்றன. காசியில் முங்கி எழுகிறவர்களும் தோலைத் தின்பதில்லை. தண்ணீர் யாருடைய ஆசாரத்தையும் விசாரித்துக்கொண்டு ஓடுவதில்லை.

கோழிக்கோட்டுப் பக்கம் தாமரைச்சேரி ஜனங்களுக்கு மூக்கைப் பொத்தினால் தீரவில்லை. பக்கத்தில் அம்பாயத்தோட்டில் கோழிக் கழிவு ஆலை. நாற்றம் தாங்கவில்லை, இருதுள்ளிப்புழை ஆறு கெடுகிறது என்று வருஷக்கணக்கில் கத்தினார்கள். மனுவுக்கு அசையாத சர்க்கார், 2025 அக்டோபர் 21 அன்று ஆலை எரிந்ததும் ஓடோடி வந்தது. தீ வைத்தது குற்றம்தான். நூற்றுக்கணக்கானோர்மேல் வழக்குப் பாய்ந்தது. அத்தனை வருஷம் வீசிய நாற்றத்தின்மேல் இந்த வேகத்தில் எந்த வழக்காவது பாய்ந்ததா?

இதற்கு வழி தெரியாமலா இருக்கிறோம்? கொழுப்பு கலந்த கழிவுநீரை முதலில் தொட்டியில் தேக்கினால் கொழுப்பு மிதக்கும். மிச்சத்துக்கு, அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரைச் செலுத்தினால் நுண்குமிழிகள் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், வழித்தெடுக்கலாம். கொழுப்பை விட்டுவிட்டால், அடுத்த தொட்டியில் கழிவைத் தின்னக் காத்திருக்கும் நுண்ணுயிர்கள்மேல் படிந்து அவற்றை முடக்கிவிடும். வெளியேறும் நீரில் எண்ணெய்ப் பிசுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. வழித்த கொழுப்பைக் காய்ச்சிக் கொடுத்தால் சோப்புக்காரர் காசுகூடத் தருவார். ஆனால் மோட்டார் ஓடினால் கரண்ட் பில் வருமே! ஆற்றில் விட்டால் யார் பில் அனுப்பப்போகிறார்கள்? அதனால்தான் பல இடங்களில் சுத்திகரிப்பு நிலையம் பெண் பார்க்க வரும் நாளில் மட்டும் வெளியே எடுக்கும் வெள்ளித் தட்டாக இருக்கிறது. அதிகாரி வந்தால் ஓடும். ஜீப் திரும்பியதும் நிற்கும்.

ஓடாத நிலையத்துக்கு மூன்று மாதம் அவகாசம், அதற்கும் மசியாவிட்டால் ஆலையின் மின்சாரத்தை வெட்டு என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றத்துக்கோ இளகிய மனசு. நீர்நிலையில் நஞ்சைக் கலந்தால் ஒன்றரை முதல் ஆறு ஆண்டு சிறை என்றிருந்த 1974ஆம் ஆண்டுச் சட்டத்தை 2024இல் திருத்தி, சிறையைத் தூக்கிவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கியது. முதலில் இமாசலம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகள். மற்ற மாநிலங்கள் ஆசைப்பட்டால் தீர்மானம் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். ஆறு கெடும், ஆள் கெட மாட்டார். ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஆகவே, நம் படித்துறையிலும் ஒரு ரேட் போர்டு மாட்டிவிடலாம். தர்ப்பணத்துக்கு இவ்வளவு, கொழுப்புத் தண்ணீர் விட இவ்வளவு. ஒரே ஒரு வித்தியாசம்: தர்ப்பணம் பண்ணுகிறவன் கடன் சொல்ல முடியாது.