வாரத்திற்கு மூன்று பாட்டு

அமெரிக்கப் பொது நூலகங்கள் தம் உறுப்பினர்களுக்கு வழங்கும் இலவச இசைச் சேவைகளுள் ஒன்றான ஃப்ரீகல், லைப்ரரி ஐடியாஸ் என்னும் நிறுவனத்தால் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நூலக அட்டையின் எண்ணையும் அதற்குரிய இரகசிய எண்ணையும் இட்டு நுழையும் உறுப்பினர், விரும்பிய பாட்டை எம்பி3 கோப்பாகத் தம் கணினியில் இறக்கிக்கொள்ளலாம்; நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு அக்கோப்பில் இல்லை, திருப்பித் தரவேண்டிய தேதியும் இல்லை. இரவல் கொடுப்பதும், கொடுத்ததைக் கேட்டு வாங்குவதும், தாமதித்தவரிடம் தண்டம் வசூலிப்பதுமாகவே காலம் தள்ளிய ஒரு நிறுவனம், திடீரென்று ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால், எங்கோ ஒரு கொக்கி இருக்கவேண்டும் என்று அனுபவசாலிகள் ஐயுறுவது இயல்பு. அந்தக் கொக்கி யாதெனின், பல நூலகங்களில் ஓர் அட்டைக்கு வாரத்திற்கு மூன்று பாட்டுகள் மட்டுமே. கை தாராளமான சில நூலகங்களில் ஐந்து.

இக்கட்டுப்பாட்டின் வேர் சட்டத்தில் இருக்கிறது. விலைக்கு வாங்கிய குறுந்தகட்டை அதன் உடைமையாளர் விற்கவோ இரவல் தரவோ பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதியைக் கேட்கவேண்டியதில்லை என்பது ‘முதல் விற்பனைக் கோட்பாடு’ எனப்படும். ஒரே தகட்டை நூறு பேருக்குச் சுற்றுக்கு விட்டு, கடைசியில் அது கீறல் விழுந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் வரை நூலகங்கள் நடத்திவந்த சேவை இக்கோட்பாட்டின் நிழலில் நடந்ததே. இணையவழிக் கோப்போ ஒவ்வொரு முறை அனுப்பப்படும்போதும் புதிய நகலாகிவிடுவதால் அந்த நிழல் அதன்மேல் விழுவதில்லை. எனவே நூலகம் உரிமம் பெற்று, இத்தனை பதிவிறக்கங்கள் என்று காசு கொடுத்தாக வேண்டியிருக்கிறது. நூலகம் என்பது வளரும் உயிரி என்று 1931இல் சென்னையிலிருந்து விதி வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகம் பணம் கட்ட, உறுப்பினரின் வன்தட்டு மட்டும் வளரும் இந்த ஏற்பாட்டை எந்த விதியின்கீழ்ச் சேர்த்திருப்பார் என்பது ஆராயத்தக்கது.

கணக்கின் அலகு நிமிடமன்று, ‘ட்ராக்’ எனப்படும் தனிப்பதிவு. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின், 1970இல் வெளியான ‘பிட்சஸ் புரூ’ தொகுப்பின் தலைப்புப் பதிவு ஏறத்தாழ 27 நிமிடம் ஓடுகிறது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆன்டன் வெபர்னின் பத்தாம் எண் படைப்பில் நான்காவது துண்டு, கேட்பவர் நாற்காலியில் சரியாக அமர்வதற்குள், அரை நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. கணக்கேட்டில் இரண்டும் ஒன்றே. இந்நிலையில் இசையின் தரத்தைக் காட்டிலும் நீளத்தை மதிக்கும் ஒரு புதிய ரசிகர் வகை தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. அவ்வகையினர் ஜாஸ் இசையின் ஆழத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுவர். உருக்கத்திற்குக் காரணம் நிமிடக் கணக்கு.

எடுக்காத பாட்டு அடுத்த வாரத்திற்குச் சேர்வதில்லை என்பது மற்றொரு விதி. நியாயவிலைக் கடையில் மாதம் முடிவதற்குள் வாங்காத சர்க்கரை போய்விடும் என்பதற்காகவே வரிசையில் நிற்கும் நீரிழிவு நோயாளியின் மனநிலைக்கும், ஞாயிற்றுக்கிழமை இரவு கணினிமுன் அமரும் நூலக உறுப்பினரின் மனநிலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வாரத்தின் முதல் பாட்டு ஆசையால் எடுக்கப்படுகிறது. இரண்டாவது ஆலோசித்து எடுக்கப்படுகிறது. மூன்றாவது, விட்டால் வீண் என்ற ஒரே காரணத்தால் எடுக்கப்படுகிறது. கிறிஸ்துமஸ் பாட்டுகளின் பெருந்திரட்டு ஒன்று பலரது கணினியில் ஜூலை மாதத்தில் குடியேறியிருப்பதற்கு இம்மூன்றாம் வகையே காரணம் என்று கருத இடமுண்டு. கேட்க நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் ஓடவிடும் ஸ்பாட்டிஃபை 2011இல் அமெரிக்காவுக்கு வந்த பின்னும் இந்த ஞாயிறு இரவுப் பதற்றம் அடங்கவில்லை. பாட்டைக் கேட்பது வேறு, பாட்டு தன்னிடம் இருக்கிறது என்று அறிந்து தூங்கப் போவது வேறு.

அட்டைக்கு மூன்று என்பதால், அட்டைகளைப் பெருக்கும் எண்ணம் குடும்பங்களில் எழுகிறது. பல ஊர்களில் சிறு குழந்தைகளுக்கும் நூலக அட்டை உண்டு. ஐவர் உள்ள வீட்டுக்கு வாரம் பதினைந்து பாட்டு. இதன் விளைவாக, பால்பற்கள்கூட முழுமையாக முளைக்காத ஒரு குழந்தை, நூலகத்தின் கணக்கேட்டில் பாப் டிலனின் முதிர்ந்த காலப் படைப்புகளில் மட்டும் ஆழ்ந்த ஈடுபாடு காட்டுபவராகப் பதிவாகியிருக்கக்கூடும். பிற்கால ஆய்வாளர் எவரேனும் அந்த ஏட்டை நம்பிக் குழந்தை உளவியல் எழுத முற்படாதிருப்பது நலம்.

சேவையின் தொடக்க ஆண்டுகளில் பெரிய இசை நிறுவனங்களுள் சோனி மியூசிக் மட்டுமே இதில் முக்கியத் தூணாக இருந்ததால், இசை வரலாறே சற்றுக் கோணலாகத் தெரிந்தது. பீட்டில்ஸ் என்று தேடியவருக்கு அக்குழுவைத் தவிர மற்ற எல்லாரும் பாடிய பீட்டில்ஸ் பாட்டுகள் வந்து நின்றன. மைக்கேல் ஜாக்சன் சிறுவனாகச் சகோதரர்களுடன் பாடிய புகழ்பெற்ற பதிவுகள் மோட்டவுன் நிறுவனத்தின் உடைமை. 1970களின் நடுப்பகுதியில்தான் அவர் சோனியின் முன்னோடி நிறுவனத்துக்கு வந்தார். ஆகவே இச்சேவையைப் பொறுத்தவரை அவர் பிறக்கும்போதே வாலிபர்.

முழுத் தொகுப்புகளைச் சேர்க்க விரும்புவோர் வகுத்தல் கணக்கில் தேர்ச்சி பெறவேண்டியிருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959இல் மார்ச்சில் ஒருமுறையும் ஏப்ரலில் ஒருமுறையும் அமர்ந்து பதிவுசெய்யப்பட்டது. அதன் ஐந்து பதிவுகளை மூன்று, இரண்டு என்று இரு வாரங்களில் இறக்குபவர், கலைஞர்களைப் போலவே தாமும் இரு தவணையில் உழைத்ததாகப் பெருமிதம் கொள்ளலாம். பாக் இயற்றிய ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ அவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. முதலில் ஒரு மெட்டு, அதன்மேல் முப்பது மாறுபாடுகள், முடிவில் அதே மெட்டு மீண்டும் என்று அது 32 பகுதிகளாக அமைந்திருக்கிறது. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955 ஜூனில் சில நாள்களில் வாசித்து முடித்த இப்படைப்பைத் தம் கணினிக்குக் கொண்டுவர உறுப்பினருக்குப் பதினொரு வாரங்கள் ஆகின்றன. இடையில் இருக்கும் வாரங்களில் அவர் பதினோராம் மாறுபாட்டோடு நின்று, பன்னிரண்டாவது எப்படியிருக்கும் என்ற ஏக்கத்தோடு அலுவலகம் போய்வருகிறார். பதினொன்றாம் வாரத்தில் எஞ்சிய இரண்டையும் எடுத்தபின் ஒரு பதிவிறக்கம் மிச்சமிருக்கும். அதை வீணாக்க மனமில்லாமல், கூல்ட் 1981இல் இதே படைப்பை இன்னொரு முறை, மிக மெதுவாக வாசித்த பதிவின் முதல் மெட்டை அவர் சொடுக்கிவிடுகிறார். மீதம் முப்பத்தொன்று.