சாமி போட்ட மெனு

தெருவுக்கு ஒருவராவது இருக்கிற, நாள் பார்த்துச் சமைக்கும் அம்மாவைக் கண்டுபிடிக்க நெற்றியைப் பார்க்க வேண்டாம், சமையலறைச் சுவரைப் பார்த்தால் போதும். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தினசரி காலண்டர் தொங்கும். ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் அதில் இருந்தாலும் அவர் கண் முதலில் போவது திதிக்குத்தான். திதி தெரிந்தால் குழம்பு தெரிந்துவிடும். அமாவாசை என்றால் வெங்காயமும் பூண்டும் லீவு, வாழைக்காய்க்கு டியூட்டி. ஏகாதசி என்றால் அரிசி டப்பா திறக்காது. சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி என்று தெய்வங்கள் முன்பதிவு செய்தது போக, செவ்வாயும் வெள்ளியும் சனியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக, வீட்டில் முட்டை உடைய மிஞ்சுவது ஏதோ ஒரு புதனும் ஒரு ஞாயிறும். அந்த ஞாயிற்றிலேயே கிருத்திகை வந்து விழுந்தால் பிள்ளைகள் முருகனிடமே நேரில் பேசிக்கொள்ள வேண்டியதுதான். இவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பக்தி முற்றிப்போனதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்படியே கதி என்று கிடந்தும், அங்கே என்ன வேக வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை இவருக்கு யாரும் கொடுத்ததில்லை. அதை இவர் சாமி பேரில் எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அத்தாட்சி வேண்டுமா? சாதாரண நாளில் "கொண்டைக்கடலை சாப்பிடு கண்ணா, புரதம்" என்று அம்மா சொன்னால் கண்ணன் காதில் விழாது. அதே கடலை நவராத்திரியில் வரட்டும். ஒன்பது நாளும் கடலை, பயறு, மொச்சை, காராமணி என்று வரிசையாகப் போகும், பையன் அடுத்த வீட்டுக் கொலுவிலும் போய் இன்னொரு பொட்டலம் வாங்கி வருவான். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். கசப்பு, புளிப்பு, மறுபடி கசப்பு. வேறு எந்த நாளில் இந்த மூன்றையும் ஒரே இலையில் வைத்தாலும் வீட்டுக்காரர் ஹோட்டலுக்குக் கிளம்பியிருப்பார், துவாதசியில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார். நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி, கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்க உதவும் என்பது இன்றைய அறிவியல். முன்னோர்கள் அதைத் தெரிந்துதான் செய்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் மார்தட்டும் கட்சியில் நான் இல்லை. தெரியாமலே நல்லது நடந்திருக்கலாம், உலகத்தில் பாதி நல்லது அப்படித்தான் நடக்கிறது. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது மேல்தட்டு வீடுகளில் கேழ்வரகுக்குத் திடீர் மரியாதை கிடைத்தது. மாரியம்மன் அதற்கு எத்தனையோ காலம் முன்பே ஆடியில் கூழ் ஊற்றவைத்துவிட்டாள். திருவாதிரைக் களியோடு வரும் ஏழுகறிக் குழம்பில் பூசணியும் சேனையும் அவரையும் மொச்சையும் கூடிக் கிடக்கும். எந்தக் காயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது என்று குழம்பிப்போய்க் குழந்தை எல்லாவற்றையும் தின்றுவிடும். இந்த வித்தைக்கு மதமும் தடையில்லை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு போட்டு நோன்புக் கஞ்சி காய்ச்சும் கீழக்கரை அம்மாவும், தவக்காலத்தில் கறியை நிறுத்திவைக்கும் தூத்துக்குடி அம்மாவும் இவருக்கு உடன்பிறப்புகள்தான்.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதற்குப் புரட்டாசியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. டாக்டர் ஐந்து வருடமாக "கறியைக் குறையுங்க சார்" என்று கெஞ்சியும் அசையாத மனிதர், பெருமாள் பேரைச் சொன்னதும் முழுசாக ஒரு மாதம் சாம்பாருக்கு மண்டியிடுகிறார். கறிக்கடை வெறிச்சோடுவதும் கோழி, முட்டை விலை இறங்குவதும் புரட்டாசிதோறும் செய்தித்தாளில் வருகிற சங்கதி. ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்கிறவர் பேச்சு எடுபடவில்லை, காலண்டரைக் காட்டிச் சொல்கிறவர் பேச்சு எடுபட்டுவிட்டது.

"அந்தக் காலண்டரில்தானே வடையும் அதிரசமும் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆஞ்சநேயருக்கு மாலையே வடையில்தான். கிருஷ்ண ஜயந்திக்குச் சீடையும் முறுக்கும் தவறாது. தீபாவளியில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது, அதன் விளைவு தெரிந்துதானோ என்னவோ பக்கத்திலேயே லேகியமும் கிண்டி வைக்கிறார்கள். ஆனால் இவை வருடத்துக்கு ஒருமுறை வருகிறவை, பஜ்ஜிக்கடை தினமும் திறக்கிறது. பிள்ளையாரின் கொழுக்கட்டை ஆவியில் வெந்தது. அவருடைய தொந்தியைச் சாட்சிக்கு அழைக்காமல் இருந்தால் அவரும் டாக்டர் கட்சிதான். என் வாதம் உண்மையிலேயே அடி வாங்கும் இடம் ஏகாதசிப் பலகாரம். சோறு கூடாது, ஆகவே ரவை உப்புமா. அது போதாது, ஆகவே இரண்டு அடை. பசிக்காமல் இருக்க ஜவ்வரிசி வடை. பட்டினி கிடக்கும் நாளில் சாப்பிடும் அளவைச் சாப்பாட்டு நாளில்கூடச் சாப்பிடுவதில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை, பெருமாளிடமும் இருக்காது.

குழந்தைகளைச் சாமி பேரில் மிரட்டலாமா என்பது இன்னொரு கேள்வி. "கீரையைத் துப்பினா சாமி கண்ணைக் குத்தும்" என்பது பெருமைப்படத்தக்க போதனை அல்ல. ஆனால் பக்கத்து வீட்டு நவீன அம்மா சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு என்று எண்களைச் சொல்லி மிரட்டுகிறார். பயம் அங்கேயும் அதேதான். போதாக்குறைக்கு அவருடைய வேதம் அடிக்கடி மாறும். தேங்காய் எண்ணெய் நேற்று விஷம், இன்று அமிர்தம், நாளை எதுவோ. திதி அப்படி மாறுவதில்லை. மேலும் இந்தச் சாமிக்குக் கண்ணைக் குத்தத் தெரியாது என்பதைப் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதற்குள் நாக்குக்குக் கீரை பழகிவிடுகிறது.

கடைசி ஆட்சேபத்தைத்தான் சிரித்துக் கடக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. விரதம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். விரதமே இல்லாத வீடுகளிலும் அம்மா கடைசியில்தான் சாப்பிடுகிறார். ஆனால் ஊர் முழுக்க அகத்திக்கீரை ஊட்டுகிற நம் அம்மாவின் தட்டைப் பாருங்கள். சுண்டலில் உப்பு சரியா என்று பார்த்த நாலு கடலை, அதுவும் நைவேத்தியம் ஆகுமுன் வாயில் வைக்கக் கூடாது என்பதால் பார்க்காமலே விட்ட நாலு கடலை. மாமியாருக்கு வெங்காயம் இல்லாமல், மகனுக்கு வெங்காயம் போட்டு, கணவருக்குச் சர்க்கரை இல்லாமல் என்று மூன்று தினுசாகச் சமைத்தது வீட்டார் கணக்கில் 'எளிய சமையல்'. கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் முதியவர்க்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லி மாமியாருக்குக் காபியும் மகளுக்கு இட்லியும் கொடுத்திருக்கிறார். தலை சுற்றும்போது தனக்கு மட்டும் அந்தச் சட்டம் ஞாபகம் வருவதில்லை. சுமங்கலிப் பிரார்த்தனையில் சுமங்கலிகளை வரிசையாக உட்காரவைத்து விருந்து போடுகிறார்கள், அங்கேயும் இவர் கையில் கரண்டிதான். வளைகாப்பில் மட்டும் அம்மாவை மணையில் உட்காரவைத்து, புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம் என்று முதல் கவளம் அவர் வாய்க்கே கொடுக்கிறார்கள். அதுவும் உள்ளே இன்னொருவர் பசியோடு இருப்பதால்.